ஏழின் நடுவில் ஒரு கோடு

முப்பத்தொன்று என்ற எண்ணுக்கு நேரே மதர் எழுதிய பெயரைக் கணக்கு டீச்சர் இரண்டு முறை படித்தாள்.

அடுத்த வருடத்து உயர் கணக்கு வகுப்பில் இருபத்து நான்கு இடங்கள்தான்; மற்றவர்களுக்குப் பொதுக் கணக்கு. தேர்வுத் தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது தலைமை ஆசிரியையான மதரின் மேஜையில், ஒட்டிய கவருக்குள் இருக்கும். தன் மகள் சின்னுவும் எழுதுகிறாள் என்பதால் டீச்சரே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

ஆனால் முப்பத்தொன்றாம் தாளைத் திருத்தும்போது, ஏழுகளின் நடுவில் குறுக்குக் கோடு இருந்தது. சின்ன வயதில் சின்னுவுக்கு ஒன்றும் ஏழும் குழம்பியதால் டீச்சரே கைபிடித்துப் பழக்கிய கோடு. அவள் பெண்ணின் தாளேதான்! இருபடிச் சமன்பாட்டில் மைனஸ் விடையை ஏன் ஒதுக்கினோம் என்ற ஒரு வரி அதில் இல்லை. இன்னும் ஏழு தாள்களிலும் அந்த வரி இல்லை. அவற்றுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தாள். இதில் மட்டும் இரண்டைக் குறைத்தாள். நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது அந்த எண்ணுக்கு நேரே இருந்தது பள்ளி வேன் டிரைவரின் மகள் பெயர். சின்னுவின் உயிர்த்தோழி, எல்லோருக்கும் சுருட்டை. அவளுக்கு எழுபது, இருபத்தைந்தாம் இடம். எழுபத்தொன்று வாங்கிய சின்னு இருபத்து நான்கு.

"உங்க பொண்ணு மயிரிழையில தப்பிச்சுட்டா டீச்சர்," என்று மதர் சிரித்தார். "ப்ரேயர் முடிஞ்சதும் லிஸ்டை ஒட்டிடலாம்."

வராந்தாவில் சின்னு வழிமறித்தாள். "அம்மா, வாயைத் திறக்க வேணாம். கண்ணை மட்டும் சிமிட்டு. உள்ளேயா, வெளியேயா?"

"நீ ஏழுக்குக் கோடு போடலையா?"

"போடுவேனா? பார்த்ததும் என் தாள்னு கண்டுபிடிச்சுடுவியே! அப்புறம் டீச்சர் பொண்ணு, மார்க்கு வீட்டுலயே சமைச்சதுன்னு எல்லாரும் ஓட்டுவாங்க. மூணு மணி நேரமும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கோடு போடாம எழுதினேன்."

"சுருட்டை?"

"அவளா? என்னைப் பார்த்துப் பார்த்து அவளும் போட ஆரம்பிச்சுட்டா. கேட்டா ஸ்டைலாம்."

மணி அடித்தது. சின்னு ஜெபக்கூடத்துக்கு ஓடினாள்.

டீச்சர் வராந்தாவிலேயே நின்றாள். டிரைவர் மகளைத் தள்ளிவிட்டுத் தன் மகளை நுழைத்தவள்: பார்க்கிறவர்களுக்கு வேறெப்படித் தெரியும்? வேலை போகும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தாள்கள் கட்டி அலமாரிக்குள் போய்விட்டன. அந்த எண்ணம் வந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"டீச்சரம்மா!" வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "எங்க வீட்டு விஞ்ஞானி தேறிட்டாளா? ஒரு வாரமா சாப்பிடவும் மாட்டேங்குறா, எங்களை டிவி பார்க்கவும் விட மாட்டேங்குறா!"

டீச்சர் திரும்பி மதர் அறைக்கு நடந்தாள்.

சொல்லி முடித்தபோது அவள் சேலை முந்தானை கைக்குள் கசங்கிப் பந்தாகியிருந்தது.

மதர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சேதான் குறைச்சீங்களா?"

"தெரிஞ்சேதான் மதர். என் பொண்ணுன்னு நினைச்சு."

"இதை வெளியே சொன்னா யார் நம்புவாங்க?"

"யாரும் நம்ப மாட்டாங்க."

ஜெபக்கூடத்தில் பாட்டு முடிந்தது. மதர் பேனாவையும் பட்டியலையும் அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களே திருத்துங்க. பக்கத்துல கையெழுத்து. நிர்வாகக் குழு கூப்பிட்டா, என்கிட்ட சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லணும். என்ன ஆகும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

சுருட்டையின் எழுபதை எழுபத்திரண்டாக்கி, அவள் பெயரை இருபத்து நான்கில் எழுதினாள். மகளின் பெயரை அடிக்கும்போது கோடு நேராக வரவில்லை.

பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "ஐயோ, நான் இருக்கேன்டி!" என்று சுருட்டை கத்தினாள். சின்னு விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தாள். இருபத்து நான்கில் அடித்த பெயரின் மேல் விரல் நின்றது. பக்கத்துக் கையெழுத்தைப் படித்தாள். பிறகு கூட்டத்துக்கு மேலாக அம்மாவைத் தேடினாள்.

டீச்சர் ஒளியவில்லை. அங்கேயே நின்றாள்.

சின்னு நெருங்கி வந்தாள். கண் நிறைந்திருந்தது; குரல் மட்டும் உடையவில்லை. "அடிச்சது நீயா?"

"நான்தான்."

"வீட்டுல சொல்றியா, இங்கேயே சொல்றியா?"

"இங்கேயே," என்றாள் அம்மா. "சுருட்டையையும் கூப்பிடு."