நான்கு இடங்களில் கையெழுத்து

கட்டுமான மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்க ஏன் வந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்கள். "இந்தத் துறையில் முன்னேற வேண்டும்" என்றேன். பச்சைப் பொய். ஓர் ஆளைப் பழிவாங்க வந்திருந்தேன். அந்த ஆளின் படம் கல்லூரி விளம்பரத் தாளிலேயே இருந்தது. தலையில் வெள்ளை ஹெல்மெட், மார்பில் கட்டிய கைகள், கீழே "வருகைதரு பேராசிரியர், தொழில்துறை அனுபவம் இருபத்தைந்து ஆண்டுகள்" என்ற வரி. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே விண்ணப்பித்தேன்.

கட்டட சைட்டில் அவருக்குப் பெயர் சரிசரி. எந்தத் தாளை நீட்டினாலும் போனில் பேசிக்கொண்டே "சரி, சரி" என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். அந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். மனதுக்குள் எனக்கு அவர் எப்போதும் அவன்தான். எழுத்தில் 'அவர்' என்று போடுவது கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அண்ணன் அந்த சைட்டில் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் போடும் முன் பலகை அடிப்பது, பலகைக்குக் கீழே முட்டுக் கொடுப்பது, கான்கிரீட் இறுகியபின் முட்டுகளைப் பிரிப்பது, இவ்வளவும் அவன் வேலை. எந்த நாளில் பிரிக்கலாம் என்று முடிவு செய்வது மட்டும் அவன் வேலை இல்லை. அது திட்ட மேலாளரின் வேலை. அதாவது சரிசரியின் வேலை.

மூன்றாம் மாடி ஸ்லாப் போட்ட ஆறாம் நாளே முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். நாலாம் மாடிக்கு முட்டுகள் போதவில்லை. கீழே நிற்பவற்றை உருவி மேலே நிறுத்தினால் வேலை ஓடும் என்பது அவர் கணக்கு.

"இன்னும் பச்சையா இருக்கு சார். ஒரு பத்து நாளாவது போகட்டும்" என்றிருக்கிறான் அண்ணன்.

"சொன்னதைச் செய்யுங்க மேஸ்திரி. உங்களுக்கா இன்ஜினியரிங் தெரியும்?"

பிரித்தார்கள். விரிசல் விடும் சத்தம் கேட்டதும் ஆட்கள் எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டு அண்ணன் கடைசியாக ஓடி வந்தான். ஆட்கள் தப்பினார்கள். அவனுடைய இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே ஸ்லாபுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை மருத்துவமனைக்கு சரிசரி வந்தார். மருந்து மயக்கத்தில் அண்ணனுக்குக் கண் இமை திறந்தே நிற்கவில்லை. "இன்சூரன்ஸ் பேப்பர்மா, சீக்கிரம் போட்டாதான் சீக்கிரம் வேலை நடக்கும்" என்று என்னிடம் சொன்னார். தாள்களைச் செருகியிருந்த அட்டையை அண்ணன் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டது நான்தான். பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த நான். நாலு தாளில் நாலு கையெழுத்து. ஒரு வரியைக் கூட நான் படிக்கவில்லை.

அது இன்சூரன்ஸ் பேப்பர் இல்லை. "யாருடைய அனுமதியுமின்றி நானே முட்டுகளை அகற்றினேன்" என்ற வாக்குமூலம். விசாரணை அதோடு முடிந்தது. அண்ணன் ஊன்றுகோலோடு அவரிடம் போய், தெரியாமல் போட்டுவிட்டேன் என்று கெஞ்சினான். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது சரிசரி சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"கையெழுத்து போட்டாச்சே மேஸ்திரி. இனிமே என்ன பண்றது?"

அதற்குப்பின் எந்த சைட்டிலும் அண்ணனைக் கூப்பிடவில்லை. கால் போனதற்காகக்கூட அவன் அழவில்லை. "ஸ்லாபை இறக்கினவன்னு சொல்றாங்களே பாப்பா" என்று அதற்குத்தான் அழுதான். இப்போது ஓர் அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் கேட் திறந்துவிடுகிறான். எனக்கு வயிறு எரிந்தது. நாலு வருடம் எரிந்தது. பகலில் ஒரு கம்பெனியில் அளவுக் கணக்கு எழுதினேன், வார இறுதியில் படிக்கப் போனேன்.

அண்ணிக்கு இந்தப் படிப்பு பிடிபடவே இல்லை. "கட்டடம் கட்டத்தான் ஏற்கெனவே படிச்சாச்சே, இப்ப என்னத்துக்கு மறுபடியும்?" என்பாள்.

"இது கட்டுறவங்களை மேய்க்கிற படிப்பு அண்ணி."

"முதல்ல இந்தப் பரண் கதவை ஒழுங்கா மூட வை. அப்புறம் ஊரை மேய்க்கலாம்."

மூன்றாம் பருவத்தில் சரிசரி வகுப்பெடுக்க வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அட்டை பிடித்த பெண்ணின் முகத்தை அவர் எதற்காகப் பார்த்திருக்கப் போகிறார்? இரண்டாவது வகுப்பிலேயே திரையில் ஒரு படம் போட்டார். இடிந்து தொங்கும் ஸ்லாப், வளைந்த கம்பிகள், மூலையில் ஒற்றைச் செருப்பு. அண்ணனுடைய செருப்பு.

"படிப்பில்லாத ஆளுங்களை நம்பி வேலை கொடுத்தா இதுதான் கதி. அவனா முடிவெடுத்து அவனா பிரிச்சான். எழுதிக்கோங்க, மனிதத் தவறு."

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு 'மனிதத் தவறு' என்று எழுதிக்கொண்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

வழி பிறந்தது அவர் வகுப்பில் இல்லை, ஒப்பந்த ஆவணங்கள் பாடத்தில். அதை நடத்தியவர் ஒரு வழக்கறிஞர், தூங்க வைக்கும் குரல். சைட்டில் எந்த அனுமதிச் சீட்டும் மூன்று நகலாக எழுதப்படும் என்றார். வெள்ளை அலுவலகத்துக்கு, மஞ்சள் பொறியாளருக்கு, இளஞ்சிவப்பு வேலை செய்கிற மேஸ்திரிக்கு. "வெள்ளை தொலைந்தாலும் இளஞ்சிவப்பு செல்லும். மூன்றும் ஒன்றுதான்." எனக்குத் தூக்கம் பறந்தது.

அன்று மாலையே அண்ணனிடம் கேட்டேன். "முட்டு பிரிக்க எழுத்துல அனுமதி வாங்குனியா?"

"வாங்காம பிரிப்பேனா? அவன்தான் எழுதிக் கொடுத்தான். வெள்ளைத் தாளை அவங்களே வச்சிக்கிட்டாங்க. அப்புறம் கேட்டா அப்படி ஒண்ணே இல்லைன்னுட்டாங்க."

"உன்கிட்ட இருந்த தாள்?"

"அது நம்ம ஞாபகத்துக்குக் கொடுக்கிறது பாப்பா. கார்பன் தாளுக்கு என்ன மதிப்பு?"

மூடாத பரண் கதவுக்குப் பின்னால் அவனுடைய கருவிப் பை மூன்று வருடத்துக்கு மேலாகக் கிடந்தது. சுத்தியலுக்கும் ஆணி டப்பாவுக்கும் அடியில் அனுமதிப் புத்தகம். இளஞ்சிவப்பு வெளுத்துப் போயிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. கான்கிரீட் போட்ட தேதி, முட்டு அகற்றும் தேதி, இரண்டுக்கும் நடுவே ஆறு நாள். கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்த முடிவை எழுத வேண்டிய கட்டம் காலி. கீழே சரிசரியின் கையெழுத்து, பெரிதாக, வால் நீண்டு. அதைப் பார்த்துக்கொண்டு பரணடியில் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணி பயந்துவிட்டாள்.

நேரே விசாரணை அலுவலகத்துக்கு ஓடியிருக்கலாம். அங்கே அண்ணனின் நாலு கையெழுத்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அதற்குச் சமமாக நாலு கையெழுத்து வேண்டும். சரிசரியிடமிருந்து.

ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாக அவரையே கேட்டேன். பக்கத்து இருக்கைத் தோழி முதுகில் தட்டினாள். "தங்கமான கைடு. ஒரு வரி படிக்க மாட்டார். நானும் அவர்கிட்டதான்."

"அதனாலதான்" என்றேன்.

தலைப்பை உப்புச் சப்பில்லாமல் வைத்தேன்: 'பல மாடிக் கட்டடங்களில் முட்டு அகற்றும் கால அட்டவணையும் மேலாண்மை முடிவுகளும்.' எட்டு மாதம் வேலை செய்தேன். அந்த வாரத்து வெப்பநிலை, கான்கிரீட் கலவை, நாலாம் மாடியின் எடை, எல்லாவற்றையும் வைத்து ஆறாம் நாளில் அந்த ஸ்லாப் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அனுமதிச் சீட்டைப் படியெடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்தேன். விதிப்படி கம்பெனிப் பெயர், இடம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்தேன். கையெழுத்தை மட்டும் விட்டேன். கையெழுத்து பெயர் இல்லையே.

சமர்ப்பிக்கும் வாரத்தில் நாலு பிரதிகளையும் அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். தோழியும் உடன் வந்தாள். போனில் யாரிடமோ லிஃப்ட் வராததைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்.

"சார், நாலாம் அத்தியாயத்தை ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன்.

"சரி, சரி. எங்க போடணும்?"

"சார், பின்னிணைப்பையாவது பாருங்க."

"சரிம்மா, நல்லாத்தான் பண்ணியிருப்ப."

"படிச்சிட்டுப் போடுங்க சார், நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"இதுக்குப் போய் நாளைக்கு எதுக்கு அலையற? கொடு."

மூன்று முறை சொன்னேன். நல்லவளாக இருப்பதற்காக அல்ல. மூன்று முறை சொன்னேன் என்று பின்னால் சொல்வதற்காக. "இந்த ஆய்வேட்டை முழுமையாகப் படித்தேன், இதிலுள்ள தரவுகளும் முடிவுகளும் சரியானவை எனச் சான்றளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே நாலு இடங்களில் வால் நீண்ட கையெழுத்து விழுந்தது. அட்டையை அவர் கைக்குக் கீழே நான்தான் பிடித்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர். கையில் சீவிச் சீவித் தேய்ந்த பென்சில். என் ஆய்வேட்டின் ஓரமெல்லாம் அந்தப் பென்சிலின் குறிகள். என்னிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். அதுவரை சரிசரி போனை நோண்டிக்கொண்டிருந்தார். அம்மையார் ஒரு பிரதியில் முதல் பக்கத்தையும் இன்னொன்றில் பின்னிணைப்பையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், சான்றிதழ்ல இருக்கிறதும் இந்த அனுமதிச் சீட்டுல இருக்கிறதும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

சரிசரி எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். நிறம் போன முகம் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"இது... இதை நான் பாக்கலை மேடம்."

"முழுமையாகப் படித்தேன்னு போட்டிருக்கீங்களே?"

"ஒரு நாளைக்கு எத்தனை தாள் வருது! எல்லாத்தையும் படிச்சிட்டா போட முடியும்?"

"அப்போ ஆறாம் நாள் முட்டுகளைப் பிரிக்கச் சொன்ன சீட்டும் படிக்காம போட்டதுதானா? இல்லை, அதை மட்டும் படிச்சுட்டுப் போட்டீங்களா?"

எந்தப் பதில் சொன்னாலும் மாட்டுவார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வராந்தாவில் சரிசரி என் பின்னால் ஓடி வந்தார். "அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடும்மா. உனக்கு எந்தக் கம்பெனியில வேலை வேணும், சொல்லு. நீ யாரு? உனக்கு எங்கிருந்து கிடைச்சது அது?"

"ஆஸ்பத்திரியில அட்டை பிடிச்சவ சார்."

அவருக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. புரியும்வரை காத்திருந்தேன். பிறகு, நாலு வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கையெழுத்து போட்டாச்சே சார். இனிமே என்ன பண்றது?"

அம்மையார் என்னிடம் சைட் விவரத்தைக் கேட்டு எழுதி, ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் பழைய கோப்பு திறக்கப்பட்டது. அண்ணன் புது வாக்குமூலம் தர வேண்டும், அதைச் சரிசரி படித்து ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும் என்று இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள்.

சின்ன அறை, ஒரு மேசை, சுவரோரம் ஒரு பெஞ்ச். பெஞ்சில் சரிசரி. அவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன், கல்லூரி விளம்பரத்திலும் படம் இல்லை. அண்ணன் சொன்னதை எல்லாம் அதிகாரி தட்டச்சு செய்து இரண்டு பக்கமாக நீட்டினார். "கீழ கையெழுத்து போடுங்க."

அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு வரிக்கு ஒரு நிமிடம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சரிசரி காலை மாற்றி மாற்றிப் போட்டார்.

"நீங்க சொன்னதுதாங்க அப்படியே இருக்கு" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார்."

இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "ஸ்லாப் போட்ட பதினாறாம் நாள்னு இருக்கு சார். நான் சொன்னது ஆறாம் நாள்."

அதிகாரி வாங்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "கை தவறிடுச்சு." பதினாறாம் நாள் என்றால் சரிசரி தப்பித்துவிடுவார். திருத்திய தாள் வந்ததும் அண்ணன் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான். முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். "நீயும் ஒரு தடவை படி பாப்பா." படித்தேன், ஓர் எழுத்து விடாமல். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டான். அட்டையை யாரும் பிடிக்க விடவில்லை.

தாள் சரிசரியிடம் போனது. அவர் பேனா மூடியைத் திறந்தார். வழக்கம்போலக் கை நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. மெல்ல முதல் பக்கத்துக்குத் திருப்பி, குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"மெதுவா படிங்க சார்" என்றான். "அவசரமே இல்ல."