வீடு கிளம்பிப் போன வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், நான் விற்ற வீட்டைக் காணவில்லை.

கதவு உடைந்திருந்தால் சமாளித்திருப்பேன். கூரை ஒழுகினாலும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். வீடே இல்லை என்றால்? வேலி இருந்தது. இரண்டு ஆப்பிள் மரங்களும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. வீடு நின்ற இடத்தில் அதைத் தாங்கிய மரக்கட்டைகள் மட்டும் சேற்றிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன. சமையலறை மூலையில் ஒரு பூனை உட்கார்ந்து, பதில் சொல் என்பதுபோல் என்னையே பார்த்தது. ஒப்படைப்புக்கு முன் கடைசிப் படங்கள் எடுக்கலாம் என்று கேமராவோடு வந்தவள் நான். எதைப் படம் எடுப்பது, பூனையையா?

என் பெயர் யஸ்னா சிகுவாய். வீடு, மனை விற்றுக்கொடுக்கும் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அம்மா இருபத்திரண்டு வருடமாக சால்மன் மீன் ஆலையில் ஐஸ் தண்ணீரில் நின்று முள் எடுக்கிறாள். அந்த ஆலைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லித்தான் தீவை விட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் போய் நான்கு வருடம் படித்தேன். மூன்று மாதத்துக்குள் ஒரு சொத்தாவது விற்காவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி உர்ருத்தியா சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். கெடு நாளை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

இந்த மூன்று மாதத்தில் நான் பட்டதைச் சொன்னால் தீராது. இரண்டு குளியலறை என்று எழுதிக்கொடுப்பார்கள். போய்ப் பார்த்தால் இரண்டாவது, பன்றித் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும். படம் எடுக்கும் நேரம் பார்த்து வீட்டுக்காரர் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாங்கும் எண்ணமே கிடையாது. சிலோயேத் தீவைச் சுற்றிக்காட்ட இலவசமாக ஒருத்தி கிடைத்தாளே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைக் கார் ஓட்டவைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று விமானம் ஏறுவார்கள். நாய் கடித்தது இரண்டு முறை. அந்தப் புண்ணியத்தில் கிடைத்த முதல் விற்பனை இது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒலிவாரெஸ் மேடம் வாங்குகிறார். பத்து மணிக்கு அவர் விமானம் இறங்கும், பன்னிரண்டு மணிக்கு நோட்டரி முன்னால் கையெழுத்து.

விற்பவர் ஓர்ஃபெலினா அக்கா. ஐம்பத்தெட்டு வயது, கடலில் சிப்பி எடுக்கிறவர். முழங்கால் வலியால் மேட்டில் ஏறமுடியவில்லை, கீழே தங்கை வீட்டுப் பக்கம் போகிறேன் என்று சொல்லியிருந்தார். எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று நான் கேட்கவில்லை.

சேற்றில் அகலமான தடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். முக்கால் கிலோமீட்டர் தள்ளி, தார்ச் சாலையின் நட்டநடுவே, என்னுடைய மஞ்சள் வீடு நின்றது. அடியில் இரண்டு நீளமான மரத்தடிகள். முன்னால் ஏழு ஜோடி எருதுகள். சுற்றிலும் ஊரே கயிறும் கையுமாக. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

ஓர்ஃபெலினா அக்கா சமையலறை ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார். "கண்ணு தெரியலையா? வீடு மாத்துறேன்."

"வீடு மாத்துறதுன்னா சாமானை எடுத்துட்டுப் போறது. வீட்டையேவா?"

"சாமான் எல்லாம் உள்ளதான் இருக்கு. ஒண்ணொண்ணா தூக்க எனக்கென்ன பைத்தியமா?"

கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"நீங்க வீட்டையும் சேர்த்துத்தானே வித்தீங்க!"

"எப்போ வித்தேன்? மனையை விக்கிறீங்களான்னு கேட்டே, ஆமான்னேன். வீட்டை விக்கிறீங்களான்னு யாரு கேட்டா?"

"ஒப்பந்தத்துல இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நீ பேனாவால குறி வெச்ச இடத்துல எல்லாம் போட்டேன். நம்ம சிகுவாய் வீட்டுப் பொண்ணு, படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாமயா இருக்கும்னு நம்பிட்டேன்."

"யஸ்னா, கொஞ்சம் ஓரமா நில்லும்மா," என்றார் முன் ஜோடியை ஓட்டிக்கொண்டிருந்த ஹெராசியோ அண்ணன். "மாட்டுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. மிதிச்சிடும்."

மறுபடி சிரிப்பு. அக்கா சொன்னது சரிதான். இங்கே மனை வேறு, வீடு வேறு. வீடும் சேர்த்து என்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டும். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது மாமாவின் வீட்டை இதேபோல் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டு வந்தேன். அது தெரிந்த நான், சாந்தியாகோவில் அச்சடித்த நாற்பத்தொரு கேள்விப் படிவத்தை நம்பினேன். கிணறு, வேலி, மின்சாரம், எலித்தொல்லை எல்லாம் அதில் உண்டு. வீடு நிற்குமா போகுமா என்று மட்டும் கிடையாது. நான்கு வருடப் படிப்பு!

முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"விமான நிலையத்துலேருந்து நேரா நோட்டரி ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. மனைப் பக்கமே போகாதே. மழை, சேறு, கார் போகாதுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"மழை பெய்யுதா இல்லையா? அப்புறம் எங்க பொய்? கையெழுத்து ஆயிடட்டும். பின்னாடி அந்த மேடம் கேஸ் போட்டா அந்த சிப்பிக்காரி மேல போடட்டும். நம்ம தலை தப்பிச்சிடும்."

"சார்..."

"இது கெட்டுப்போச்சுன்னா திங்கக்கிழமை வராதே யஸ்னா. மீன் ஆலையில ஆள் எடுக்கறாங்களாம்."

போனை வைத்துவிட்டார். அவரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுதமுடியாது.

ஒலிவாரெஸ் மேடம் சிவப்பு ரப்பர் பூட்ஸோடு விமானத்திலிருந்து இறங்கி வந்தார். போன முறையும் அதேதான். காரில் ஏறியதும் விமானத்தில் கொடுத்த காபியைத் திட்டினார். நான் கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நகரத்துக்கு இடதுபுறம், மனைக்கு வலதுபுறம். அந்தத் திருப்பத்தில் வண்டியை ஓரம்கட்டினேன். வாயை மூடிக்கொண்டு இடதுபுறம் திரும்பினால் வேலை மிஞ்சும். ஆனால் ஓர்ஃபெலினா அக்கா கோர்ட் வாசலில் நிற்பார். கையெழுத்துப் போட இடம் காட்டியவள் நான்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். வீடு இல்ல."

"எரிஞ்சிடுச்சா?"

"இல்ல. போயிடுச்சு. அந்த அக்கா எடுத்துட்டுப் போறாங்க. எங்க ஊர்ல மனையை வித்தா வீடு சொந்தக்காரரோட போகும். அதைக் கேட்காம விட்டது என் தப்பு. அவங்க உங்களை ஏமாத்தல. உங்களுக்கு வேண்டாம்னா திரும்ப விமான நிலையத்துல விட்டுடறேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஆலையில் அம்மா கட்டிக்கொள்ளும் ரப்பர் ஏப்ரன் என் கண்முன்னால் வந்துபோனது.

"அந்த வீடு முழுசாவா போயிடுச்சு?"

"முழுசா, மேடம். அடுப்புல நெருப்போட."

அவர் சீட்டில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே! அதை இடிச்சிட்டுப் புதுசா கட்ட நான் ஏற்கனவே ஆள் பேசிட்டேன் தெரியுமா? அந்தம்மா சூடா ரொட்டி வெச்சு, கீழே ஒவ்வொரு அறையா திறந்து காட்டினப்போ எனக்குத் தொண்டையில இறங்கல. இதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு மாசமா தூக்கம் இல்ல."

இப்போதுதான் உறைத்தது. வீடு பார்க்க வந்த அன்று அவர் மாடிக்கே ஏறவில்லை. ஆப்பிள் மரத்திலிருந்து கடல் விளிம்புவரை காலடியால் அளந்தார். ஜூன் மாதக் குளிரில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். லாரி உள்ளே வருமா என்று கேட்டார். வீட்டைப் பற்றி "அழகா இருக்கு" என்று ஒரே ஒரு தடவை, உத்தரத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். நான்தான் அவருக்கு வீடு பிடித்துப்போயிற்று என்று எழுதிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஊரே சேர்ந்து இழுக்கிற வீட்டை விறகாக்கப் பார்த்தாரே என்று. பிறகு வந்தது. அந்த நேரத்தில், தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கில் தலை வைத்து நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

வலதுபுறம் திரும்பினோம். மனைவரை போகமுடியவில்லை, சாலையை வீடு அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பேருந்து, இரண்டு மீன் லாரிகள், அப்புறம் நாங்கள். மேடம் இறங்கிப்போய் ஜன்னலைப் பார்த்து உண்மையை உடைத்துவிட்டார்.

"இடிக்கவா இருந்தீங்க?" ஓர்ஃபெலினா அக்கா இடுப்பில் கை வைத்தார். "நல்லவேளை, யாரையும் கேட்காம கிளம்பினேன். சரி, சும்மா நின்னா எப்படி? பல்லு புடுங்கின கைதானே, கயிறைப் பிடிங்க!"

பிடித்தார். நானும் பிடித்தேன். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. நோட்டரி இரண்டு மணிக்குக் கதவை மூடுவார். ஹெராசியோ அண்ணன் கத்த, எருதுகள் குனிய, வீடு முனகிக்கொண்டு நகர்ந்தது. ஒன்றேகாலுக்குத் தங்கையின் மனைக்குள் போய் உட்கார்ந்தது. சேறு காயாத கையோடு மூன்று பேரும் நோட்டரி ஆபீசுக்கு ஓடினோம். பத்திரத்தில் வீடு என்று இருந்த வரியை அடித்து, பக்கத்தில் எல்லோரும் கையெழுத்திட்டோம். ஓர்ஃபெலினா அக்கா இந்த முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் நோட்டரியை முறைத்தேன்.

உர்ருத்தியா சார் போனில், "பாத்தியா, நான் சொன்ன மாதிரி முடிஞ்சிடுச்சு," என்றார். திங்கள்கிழமை பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். திங்கள்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

வீட்டை இழுத்தவர்களுக்கு வீட்டுக்காரர் சோறு போடவேண்டும். போட்டார். உருளைக்கிழங்கு ரொட்டி, பன்றிக் கறி, ஆப்பிள் மது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நான் மூன்று தட்டு தின்றேன். பூனையை யாரோ கூடையில் எடுத்து வந்து அடுப்பு ஓரத்தில் விட்டார்கள். அதன் மூலை அப்படியே இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த படிவக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் எழுத ஆரம்பித்தேன்.

42. வீடு நிற்குமா, போகுமா?

"நல்லா பெரிசா எழுது," என்றார் ஓர்ஃபெலினா அக்கா, என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துக்கொண்டே.