எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்

சங்கரன்கோவிலில் பிச்சையாவுக்கு மட்டும் எந்தத் தெருவிலும் மேடு கிடையாது. போகும்போதும் இறக்கம், அதே வழியில் திரும்பும்போதும் இறக்கம். இந்த மனிதரைத் தனியாக விட்டுவைப்பதா, மெட்ராஸுக்குக் கூட்டிப்போவதா என்று முடிவுசெய்ய, 1981 ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் காலை அவர் வீட்டில் கூடியவர்கள் பின்வருமாறு: மகன் சங்கரபாண்டியன், மெட்ராஸில் பேங்க் உத்தியோகம், ஒயர் நாற்காலியில். மகள் பூமாரி, சிவகிரியில் வாக்கப்பட்டவள், நிலைப்படியை ஒட்டித் தரையில். சைக்கிள் கடை முகம்மது மைதீன், பிச்சையாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர், நெல் மூட்டை மேல். அப்பாவுக்கென்று மகன் ரயிலில் சுமந்து வந்த ஈஸிசேரில் யாரும் உட்காரவில்லை; அதில் பிச்சையாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பிச்சையாவும் உட்காரவில்லை. அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

இறக்கம் தொடங்கியது 1976 தை மாசத்தில். மனைவி பேச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரவல் வாங்கிய செம்பு அண்டாவைத் திருப்பிக் கொடுக்கக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சைக்கிளில் புறப்பட்டார். ஊர் தாண்டியதும் மிதிக்காமலே வண்டி அதுபாட்டுக்கு ஓடியது. ரோடு வாட்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். திரும்பும்போதும் அப்படியே ஓடவும், மைதீன் கடை முன்னால் இறங்கி விஷயத்தைச் சொன்னார். மைதீன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கோளாறு வண்டியில் இல்லை என்றார். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளின் பெடல் துருப்பிடித்துப் போயிற்று; பிரேக் கட்டை மட்டும் மாசாமாசம் தேய்ந்தது. பிச்சையா பருத்தித் தரகர். இளையரசனேந்தல் பக்கம் காட்டுக்குக் காடு போய்ப் பஞ்சைப் பிய்த்துப் பார்த்து விலை சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்து தன் கையால் உலை வைத்துவிடுவார். ஏணிகூட அவருக்கு இறக்கம்தான் என்பதால் ஓடு மாற்ற ஆள் கூப்பிடுவதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அவர் கேரியரில் தொற்றிக்கொண்டு சிவகிரி வரைக்கும் போனார்கள். பஞ்சு விலையைப் பேசுகிற மாதிரி ஊர் அதையும் இரண்டு வருஷம் பேசியது, பிறகு விட்டுவிட்டது.

ஒரே ஒரு தடவை சிக்கல் வந்தது. அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தபோது பூமாரி வந்து தண்ணீர் இறைத்தாள். கயிறு எட்டவில்லை. இன்னொரு கயிற்றை முடிச்சுப்போட்டு இறக்கினாள், அதுவும் எட்டவில்லை. நீ விடு தாயீ என்று பிச்சையா நொண்டிக்கொண்டே வந்து கயிற்றை வாங்கியதும், தண்ணீர் குனிந்து மொள்ளலாம் என்கிற உயரத்தில் நின்றது. கிணற்றுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பூமாரி சொன்னாள். எல்லோரும் கிணற்றைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"எழுபத்தொரு வயசுல கூரையில நிக்காவ. ஒத்தையில விழுந்து கெடந்தா யாரு தூக்குவா?" என்றாள் பூமாரி.

"கூரையில இருந்து விழுந்தா இவன் மேல பாத்துல்லா விழுவான்," என்றார் மைதீன்.

"நீங்க சும்மா இருங்க மாமா."

"மெட்ராஸ்ல எல்லா வசதியும் இருக்குப்பா," என்றான் மகன். "நீங்க ஒரு வேலையும் பாக்க வேண்டாம்."

"அதைத்தாம்லே நானும் கேக்கேன். ஒரு வேலையும் பாக்காம அங்கன நான் என்ன செய்ய?"

"சாஞ்சு உக்காருங்க."

பூமாரி அழுதாள். பேச்சி அழுதாலும் இப்படித்தான், சத்தமே வராது. பிச்சையா காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார், சாயங்காலம் கிணற்றை மூடினார், வீட்டைப் பூட்டிச் சாவியை மைதீன் கையில் கொடுத்தார். மைதீன் அதை மடியில் செருகிக்கொண்டார்.

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்கள். மகன் ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் அப்பாவின் முழங்கை. பூமாரி ஈஸிசேரை மடித்துத் தூக்கிக்கொண்டாள். அங்கே போய் உட்கார வேண்டுமே. சன்னதித் தெரு முக்கைத் தாண்டியதும் தெரு மெல்ல நிமிர்ந்தது. கடைக்காரர்களுக்கு அது சமதளமாகவே இருந்தது; குவித்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றுகூட உருளவில்லை. இவர்கள் மூன்று பேர் மட்டும் மலை ஏறினார்கள். ஏற ஏற மகன் பிடியை இறுக்கினான். இறுக்க இறுக்கத் தெரு செங்குத்தாயிற்று. கோபுரக் கலசம் தோளுக்கு நேராக வந்தது. கோபுரத்துப் புறா ஒன்று அவர்களை அண்ணாந்து பார்த்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பிச்சையாவுக்கு மூச்சு வாங்கியது. எழுபத்தொன்று என்றால் என்ன என்று முழங்காலில் தெரிந்தது. இனிமேல் இப்படித்தானோ என்று நினைத்தபோது, தெருவைவிட அந்த நினைப்புதான் அவரை அதிகம் களைப்பாக்கியது. கீழே எங்கோ ரயில் கூவியது.

பூமாரி ஈஸிசேரைக் கீழே வைத்தாள். "எண்ணே, இது அன்னைக்குக் கெணத்துக் கயிறு மாதிரில்லா இருக்கு. அப்பா கையை விடு."

"விட்டா விழுந்திருவாங்க."

"விடுலே மக்கா," என்றார் பிச்சையா.

சங்கரபாண்டியன் ஒவ்வொரு விரலாக எடுத்தான். தெரு, உதறிய ஜமுக்காளம் தரையில் விழுகிற மாதிரி, கீழே போய்ப் படிந்தது. அங்கிருந்து ஸ்டேஷன் வரை ஒரே இறக்கம். பிச்சையா மகன் கையிலிருந்த டிரங்குப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாலே, வண்டி போயிரப் போகுது," என்று முன்னால் நடந்தார். மகனும் மகளும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மகனை ரயிலேற்றி, அப்பாவுக்கென்று பதிந்திருந்த இடத்தில் ஈஸிசேரை வைத்துவிட்டு, பூமாரியைச் சிவகிரி பஸ்ஸிலும் ஏற்றிவிட்டு, மைதீனிடம் சாவியை வாங்கினார். ஒரு காப்பி அதிகமாகச் செலவானது தவிர ஊருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்றார் மைதீன்.

ஆவணி பிறந்ததும் மகனுக்குக் கடிதம் எழுதினார். நலம் விசாரித்து, பருத்தி விலையைக் குறித்து, ஈஸிசேரில் நீ உட்கார், உனக்குத்தான் இடுப்பு வலிக்கிறதாமே என்று எழுதியபின் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்: "எனக்குத் தெரு என்றைக்காவது தானாக நிமிர்ந்தால், மறைக்காமல் எழுதுவேன். அன்றைக்கு வா. கையைப் பிடிக்காதே, பக்கத்தில் நட. மூச்சு வாங்கினால் ரெண்டு பேரும் நிற்போம்." அன்று காலை தானே வடித்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து உறையின் வாயில் தேய்த்து ஒட்டினார். சைக்கிளில் ஏறிப் பிரேக்கைப் பிடித்தபடியே தபாலாபீசுக்கு இறங்கிப் போய், பெட்டியில் கடிதத்தைப் போட்டார். மெட்ராஸ் வரைக்கும் இறக்கம். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும்.