ஒஹாயோவிலிருந்து வந்த ஃப்ரிட்ஜ்

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நஜிமுதீன் ராவுத்தர் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நஜிமுதீன், அவர் மனைவி நசீரா, மகன் அனீஸ், மருமகள் தஹ்ஸீன், பேத்தி இக்ரா, எதிர்வீட்டு பரக்கத் அலி, லாரிக்காரர் பிச்சமுத்து. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர்.

எல்லோருக்கும் நடுவில் நின்றது ஒரு ஃப்ரிட்ஜ். ஆள் உயரத்துக்கு மேலே, பீரோ போல இரட்டைக் கதவு, மேலெல்லாம் எஃகுப் பளபளப்பு. மழை விட்டு வெயில் திரும்பியிருந்தது. அதன் கதவில் மலைக்கோட்டை தெரிந்தது. அந்தச் சந்திலிருந்து ஒருநாளும் முழுதாகத் தெரியாத மலை, அடிவாரம் முதல் உச்சி வரை அதற்குள் இறங்கி அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு மேகம் எந்த அவசரமும் இல்லாமல் ஊர்ந்தது.

மேகத்தைப் பார்த்து நிற்க நஜிமுதீனுக்கு நேரமில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருப்பதாகப் பள்ளிவாசலில் சொன்னவர் அவர்தான். லீவில் வருகிறவன் சூட்கேஸோடு வருவான். குடித்தனச் சாமானைக் கப்பலில் ஏற்றுகிறவன் திரும்பிப் போகமாட்டான். பாதி வீடு துபாயிலும் பாதி வீடு சிங்கப்பூரிலும் பிழைக்கும் அந்தத் தெருவில் இது குழந்தைக்கும் தெரியும். மற்ற பெட்டிகளெல்லாம் உள்ளே போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்குத் தெருவே இந்த வழியாகத்தான் நடக்கும். அதற்குள் இது கண்ணில் படாமல் மறைந்தாக வேண்டும்.

"கதவைக் கழட்டிப் பார்த்தாச்சுங்க. வாசல் நிலையிலதான் இடிக்குது," என்றார் பிச்சமுத்து.

"அப்ப நிலையை எடுத்துடலாம். ஆசாரியைக் கூப்பிடு."

"உங்க அத்தா வச்ச நிலைங்க அது," என்றாள் நசீரா.

"எனக்குத் தெரியும்."

பரக்கத் அலி ஃப்ரிட்ஜை ஒருமுறை சுற்றிவந்தார். "என்ன மச்சான், லீவுக்கு வந்த புள்ளை இதையும் கூட்டிட்டு வந்துட்டான்? தனியா விட்டா அழுமோ?"

"வீட்டுக்குன்னு ஒண்ணு அனுப்பியிருக்கான். உனக்கென்ன?"

கடல் தாண்டி வந்ததில் பழுதாகியிருக்குமோ என்று அனீஸ் உள்ளேயிருந்து வயரை இழுத்து, அமெரிக்கச் சாமானுக்குக் கரண்டைக் குறைத்துத் தரும் கனமான டிரான்ஸ்பார்மரில் சொருகினான். இக்ரா கதவைத் திறந்தாள். வெளிச்சம் வந்து ஈரத் தரையில் பாலைப் போலப் பரவியது. உள்தட்டை இழுத்தால், கழுவி மடித்த பிளாஸ்டிக் பைகள்.

"ஹெலன் பாட்டி பை," என்றாள் இக்ரா.

"அது யாரு?" என்றாள் நசீரா.

"ஒஹாயோவுல எங்க பக்கத்து வீட்டம்மா," என்றான் அனீஸ். "அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப அமெரிக்காவுல ஊரு ஊரா வேலை இல்லாமப் போச்சாம். மாவு மூட்டைத் துணியில கவுன் தைச்சுப் போட்டவங்க. அந்தப் பழக்கத்துல பையைக் கழுவிக் கொடியில போடுவாங்க. இந்த ஃப்ரிட்ஜ் அவங்க மகனோடது. கார் கம்பெனியில நல்லா இருந்தப்ப மூணு ஃப்ரிட்ஜ் வச்சிருந்தான். கூல்டிரிங்ஸுக்கு மட்டும் இது. அம்மா பையைக் காயப்போடுறதைப் பார்த்துச் சிரிப்பான். வேலை போனதும் கரண்ட் செலவுன்னு முதல்ல இதை அணைச்சான். அப்புறம் ரெண்டாவது காரு போச்சு, அப்புறம் வீடு. குடும்பத்தோட அம்மா வீட்டுக்கே வந்துட்டான். அங்க இதை வைக்க இடமில்லை, நான் வாங்கினேன். அப்ப எனக்கு நல்ல நேரம்."

"கடைசியில அந்த மகனும் பையைக் கழுவினாரு," என்றாள் தஹ்ஸீன். "போன வருஷத்துலேர்ந்து நானும்."

"பால் கவரைக் கழுவுறதுக்கு அமெரிக்கா வரைக்கும் போனியாக்கும்," என்றாள் நசீரா. தஹ்ஸீனே முதலில் சிரித்தாள்.

நஜிமுதீன் சிரிக்கவில்லை. "வேலை போனதை அந்த அமெரிக்காக்காரன் மறைச்சானா?" என்று தணிந்த குரலில் மகனிடம் கேட்டார்.

"எங்க மறைக்கிறது அத்தா? சாமானெல்லாம் வாசல்லதானே கிடந்துச்சு."

நஜிமுதீன் மூடியிருந்த மறுகதவைப் பார்த்தார். மலைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். அத்தா. அவருடைய அப்பா, செம்பட்டுப் பகுதியில் தோல் வியாபாரம் செய்தவர். அமெரிக்காவில் செருப்பு நிறைய விற்ற வருஷத்தில் தேக்கு வாங்கி இந்த நிலையை வைத்தார். அங்கே வாங்குவது நின்றபோது இங்கே தோல் அடுக்கடுக்காகத் தேங்கியது, வீட்டில் இருவேளையும் கஞ்சி. அப்போதும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இதே நிலையடியில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் "வியாபாரம் இல்லைங்க" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை, முதுகும் வளையவில்லை. மேகம் விலகியபின் பார்த்தால், கதவில் நின்றது நஜிமுதீன்தான். சட்டை கசங்கியிருந்தது. இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பரக்கத்து."

"சொல்லு மச்சான்."

"லீவு இல்லை. அனீஸுக்கு வேலை போயிடுச்சு. இனிமே இங்கதான் இருப்பான்."

பரக்கத் அலி தாடியைத் தடவினார். "ரம்ஜான்லேர்ந்தே தெரியும். நீயா சொல்ற வரைக்கும் நாங்களும் லீவுன்னே வச்சிருந்தோம்."

 ஃப்ரிட்ஜ் தூங்குகிறவன் மூச்சுப்போல உறுமிக்கொண்டிருந்தது.

"ஆசாரியைக் கூப்பிடட்டுங்களா?" என்றார் பிச்சமுத்து.

"வேணாம். ஸ்ரீரங்கத்துல உன் வீட்டுக்காரி பூக்கடைதானே வச்சிருக்கா?"

"ஆமாங்க, ராக்கம்மா. வெயில் வந்தா பாதிப் பூ வாடிப்போகுதுன்னு தினம் புலம்பலு."

நஜிமுதீன் மகனைப் பார்த்தார். அனீஸ் தலையசைத்தான்.

"டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து ஏத்து," என்றார் நஜிமுதீன். "அந்தப் பையெல்லாம் எடுத்து வச்சுக்கோ, தஹ்ஸீன்."

லாரி நகர்ந்தபோது கதவிலிருந்த மலை மெதுவாக வழுக்கி இறங்கியது. அந்த இடத்தில் வானம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதில் காவிரி வரும், பாலம் வரும், அப்புறம் கோபுரம் வரும் என்று நினைத்தபடி இக்ரா தெருமுனை வரை கூடவே நடந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது நஜிமுதீன் தேய்த்த சட்டை ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு, தெருவின் நடுவே நடந்து போனார்.

நஜிமுதீன் வீட்டில் நிலையைப் பெயர்த்துத்தான் அந்த ஃப்ரிட்ஜை உள்ளே கொண்டுபோய் ஒளித்தார்கள் என்று தென்னூர் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. நிலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஃப்ரிட்ஜ் ராக்கம்மாள் கடையில் இருக்கிறது, அதில் பூ இருக்கிறது.