லஸ்ஹருக்குப் பால் பிடிக்காது

லஸ்ஹரின் வயிற்றுப் பெருந்தமனி ஓரிடத்தில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. மூன்று வாரமாக மாலையானால் காய்ச்சல். வீக்கத்தில் கிருமி இருக்குமோ என்று அவருடைய இரத்தத்தை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்து நாளாகியும் கிருமி வளர்க்கும் புட்டியில் எதுவும் வளரவில்லை.

"அப்போ நாளைக்கே உள்ள குழாய் வச்சிடலாம்" என்றார் அறுவை மருத்துவர் நஜீப்.

கிருமியுள்ள தமனியில் குழாயை வைத்தால் அதிலும் கிருமி குடியேறும். தமனி வெடிக்கலாம். சில கிருமிகள் மெதுவாகத்தான் வளரும் என்று சொல்ல நினைத்தேன். அவற்றில் ஒன்று காய்ச்சாத ஆட்டுப்பாலில் வரும். ஆனால் படிவத்தில் 'காய்ச்சாத பால் குடிப்பவரா?' என்பதற்கு 'இல்லை' என்றிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

மதியம் அறுவைக்காக மறுபடி இரத்தம் எடுக்கப் போனேன். லஸ்ஹர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"கிடா முட்டினாலும் அசையாத மனுஷன், ஊசிக்குப் பயப்படறதைப் பாரு மகளே" என்றாள் அவர் மனைவி மப்ரூக்கா.

"பயமில்ல. உன் முகத்தைப் பார்க்காம கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கேன்."

"முப்பத்தொன்பது வருஷம் கழிச்சு நிம்மதி கேக்குதாக்கும்!"

கிளம்பும்போது என் கையில் ஒரு துணிப் பொட்டலத்தைத் திணித்தாள். ஆட்டுப்பால் சீஸ்.

"நேத்து செஞ்சது. எலும்பா இருக்கியே, சாப்பிடு."

"பாலைக் காய்ச்சினீங்களாம்மா?"

"காய்ச்சினா அது சீஸா? கறந்த சூட்டோட உறை ஊத்தணும்."

"இவரும் சாப்பிடுவாரா?"

"தினம் காலையில. இது இல்லாம ரொட்டி இறங்காது."

"படிவத்துல இல்லைன்னு இருக்கே?"

"பால் குடிப்பாரான்னுதானே கேட்டாங்க? இவருக்குப் பாலைக் கண்டாலே குமட்டும். சீஸைப் பத்தி யாரு கேட்டா?"

ஆய்வகத்துக்கு ஓடினேன். வெள்ளை அட்டையில் அவருடைய இரத்தநீர் ஒரு துளி, இளஞ்சிவப்புச் சோதனைத் திரவம் ஒரு துளி. நான்கு நிமிடம் அசைத்தேன். துளி திரிதிரியாகத் திரண்டது. புருசெல்லா, பாலில் வரும் அதே கிருமி.

சொல்ல வேண்டியதைப் படியேறும்போது மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நஜீபின் முன்னால் எல்லாம் மறந்துபோனது. லஸ்ஹரின் பெயர் எழுதிய அட்டையை மட்டும் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்குக் குழாய் வேண்டாம்" என்றார். "முதல்ல மருந்து. அப்புறம் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துடலாம். நல்ல வேளை, வந்து காட்டினே."

செய்தி கேட்டு மப்ரூக்கா அழுதாள். "என் கையாலயே உங்களுக்கு விஷம் வச்சிட்டேனே!"

"அழாதேடி" என்றார் லஸ்ஹர். "உன் கைப்பக்குவத்துல ஒரு குறை கண்டுபிடிக்க, ஒரு ஆய்வகமே வேண்டியிருந்திருக்கு."

அவள் அவர் தோளில் அடித்தாள், வயிறு குலுங்காதபடி, மெதுவாக.