ஒன்பது பத்தொன்பதுகள்

பத்து வரைக்கும் எண்ணுவது அந்தக் குழந்தைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்தைத் தாண்டினால்தான் வந்தது வினை. பதினொன்று, பன்னிரண்டு, அங்கிருந்து ஒரே தாவலாகப் பதினாறு. பிறகு என்ன நினைப்போ, திரும்பி வந்து பதினான்கு.

டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான்கு வருடம் இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். கடைசியில், வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பார், திருப்தியானால் கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவானது. அதிகாரி கேட்ட பாடமோ பதினொன்று முதல் பத்தொன்பது வரை வரிசைப்படுத்துவது. வேறு பாடமே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு!

திங்கட்கிழமை அவள் ஒன்பது அட்டைகளில் எண்களை எழுதி, நூல் கோத்து, ஒன்பது கழுத்துகளில் மாட்டினாள். கை கழுவப் போனாலும் வரிசை, தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசை. “உனக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாரு, அதை மட்டும் பாத்துக்கோ” என்றாள். மூன்றே நாளில் ஒரு பிசகில்லாமல் நின்றார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் புதன்கிழமை சாயங்காலம் அட்டைகளைக் கழற்றாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும், இவள் எம்மாத்திரம்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் கூட்டம். பதினொன்றின் அப்பா, பூட்டுக்கடைக்காரர், முன்னால் நின்றார்.

“என் பொண்ணுக்கு என்ன குறைச்சல் டீச்சர்? எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பத்தொன்பது, இவளுக்குப் பதினொண்ணா?”

“அது மார்க் இல்லைங்க. நிக்கிற இடம்.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். எங்க குழந்தை ஏன் அந்த இடத்துல நிக்கணும்?”

எதிர்வீட்டுத் தையல்காரி, அதாவது பத்தொன்பதின் அம்மா, அதற்குள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்து முடித்திருந்தாள். ஒரே ஒரு எண்ணில் கோட்டை விட்டானே என்று பதினெட்டை அவன் அப்பா சாப்பிட விடாமல் திட்டியிருக்கிறார். பதின்மூன்றின் மாமா மட்டும் பெருந்தன்மையானவர். பதினாறு போட்டுக் கொடுத்தால் பேசாமல் போய்விடுவதாகச் சொன்னார்.

தலைமையாசிரியை சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். அரைமணி நேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“எல்லாருக்கும் பத்தொன்பது போட்டுடுங்க.”

“அப்புறம் வரிசைக்கு எங்க மேடம் போறது?”

“வரிசை இருக்கறதாலதானே இவ்வளவு சண்டையும்.”

டீச்சருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்து என்ன செய்ய? எட்டு அட்டைகளில் பத்தொன்பது எழுதினாள். தையல்காரி தன் பிள்ளைக்கு இருபது கேட்டாள். அது அடுத்த வருடப் பாடம் என்று சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் பெற்றோர் முகங்கள். ஒன்பது பத்தொன்பதுகளையும் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒரே நம்பரை எப்படிம்மா வரிசைப்படுத்துவீங்க?”

“இங்க ஏற்றத்தாழ்வு கிடையாது சார்” என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார். “இதைப் பாத்துட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

நான்கு வருடமும் கண்முன்னால் கரைந்து போவது டீச்சருக்குத் தெரிந்தது. வேறொன்றும் தோன்றாமல், “போய் வரிசையா நில்லுங்கடா கண்ணுங்களா” என்றாள்.

போனார்கள். ஒருவரையொருவர் தள்ளாமல், அட்டையைக் குனிந்துகூடப் பார்க்காமல், முன்னால் யார் பின்னால் யார் என்று மட்டும் பார்த்து நின்றார்கள். அவரவர் எண்ணைச் சொல்லச் சொன்னபோது பதினொன்றில் தொடங்கிப் பத்தொன்பதில் நிறுத்தினார்கள்.

அதிகாரி வரிசையின் முதலில் நின்ற பூட்டுக்கடைக்காரர் மகளிடம் குனிந்தார்.

“நீ பதினொண்ணா?”

“ஆமா சார்.”

“அட்டையில பத்தொன்பதுன்னு இருக்கே?”

அவள் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அது எங்கப்பாவுக்காகப் போட்டிருக்கு சார். அவருக்கு வரிசை இன்னும் சரியா வரல. வந்ததும் கழட்டிடுவேன்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.