இடது காலில் ஓர் அங்குலம்

தபால்காரர் மேசைமேல் ஏறி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். அவர் மனைவி, அந்தத் தெருவுக்கே தையல்காரி, அவர் கணுக்காலைச் சுற்றி முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். அவர் மாட்டியிருந்தது இருநூறு வருஷத்துக்கு முந்தைய மோஸ்தரில் தைத்த கால்சட்டை. ஜிப் கிடையாது, முன்பக்கம் ஒரு மடல் கதவு மாதிரி இறங்கும், இருபுறமும் பொத்தான். பின்னிடுப்பை இறுக்க நாடா. உட்காரும் இடத்திலோ ஒரு தலையணையையே திணிக்கலாம், அவ்வளவு தொளதொளப்பு.

"இதப் போட்டுக்கிட்டு எப்படித்தான் ஓடுனாங்களோ?"

"ஓடுனாத்தானே. வாய மூடிட்டு நேரா நில்லுங்க."

சரித்திர நாடகம் போடும் ஒருவர் நிஜப் பழைய கால்சட்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, "அச்சு அசலா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் இடது கால் ஓர் அங்குலம் குட்டை. உள்ளே மடித்துத் தைத்திருந்தது தடவினாலே தெரிந்தது. வெட்டிய தையல்காரன் செய்ததல்ல அது. போட்டவன் தன் குட்டைக் காலுக்காகப் பிற்பாடு ஏற்றிக்கொண்டது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒரு வீம்பு. மடிப்போடு சேர்த்து ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டாள். அதைப் போட்டு நடிக்கப்போகிறவரும் கணவரும் ஒரே வாகு என்பதால் இவரையே ஏற்றி நிறுத்தியிருந்தாள்.

"எனக்கே தைச்ச மாதிரி இருக்கு" என்று இறங்கி நடந்தார். இடது காலை ஊன்றும்போது உடம்பு சாய்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதும் உங்க நடிப்பு. கழட்டுங்க."

கழற்றினார். நடை மட்டும் மாறவில்லை.

சுளுக்கு என்று நினைத்தாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார். கணவரைக் கேட்டாலோ, "நான் எப்பவும் இப்படித்தானே நடப்பேன்?" என்று அவளையே விசித்திரமாகப் பார்த்தார். நாலாம் நாள் காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருமுனை திரும்புவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். பதினெட்டு வருஷமாகக் காலடிச் சத்தத்தை வைத்தே கதவு திறந்தவள் அவள். போவது வேறு யாரோ. ஐயோ, என் கையாலேயே என் மனுஷனைத் தொலைத்துவிட்டேனே என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தான் தைத்ததை எடுத்து இடது கால் மடிப்பைப் பிரித்தாள். இரண்டு காலும் சமமானால் அவரும் சரியாகிவிடுவார். வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை.

மதியம் அவர் சாப்பிட வந்ததும், "ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, என் ராசா" என்று கெஞ்சி மேசைமேல் ஏற்றினாள். வலது விளிம்பு கணுக்காலில் கச்சிதமாக நின்றது. இடது விளிம்பு பாதத்தின் மேல் வழிந்தது. குதிகால் பலகையைத் தொடவில்லை.

"குதிகாலக் கீழ வைங்க."

"வச்சுத்தானே இருக்கேன்."

இடுப்பெலும்பிலிருந்து டேப்பை இறக்கினாள். இடது கால் ஓர் அங்குலம் குறைவு. மறுபடி அளந்தாள். அதே அங்குலம்.

அவர் மேலிருந்து குனிந்து பார்த்தார். முகத்தில் கோபமில்லை, அவசரம்தான்.

"முன்ன இருந்த மாதிரியே மடிச்சுக் குடுத்துடுங்கம்மா" என்றார். "வீட்ல எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவள் உதடுகளுக்கிடையே நாலைந்து குண்டூசிகள் இருந்தன. டேப்பை விட்டுவிட்டு, அந்தரத்தில் நின்ற குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.